நசுங்காத எலுமிச்சம்பழம்

ஒரே ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்குவதற்காக, கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் வைத்த ஒரு முழு வேனைக் கடற்கரை மணலில் அச்சு வரை புதைத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பட்டினப்பாக்கத்துக்காரர்கள் யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டால், அவர்கள் நடித்துக் காட்டிச் சொல்லுவார்கள். எனக்கு அவ்வளவு நன்றாக நடிக்க வராது.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெறும் வரை பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தியவன் நான். உராய்வு இல்லாவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுத் தலைமுறை தலைமுறையாக விளக்கியவன். அன்று காலை அத்தனை அம்புக்குறிகளும் என் பக்கம் திரும்பி நின்றன.

வேன் எதற்கு என்று கேட்பீர்கள். என் மனைவி பெங்களூரில் இருந்தாள். பெண்ணின் பிரசவத்துக்காகப் போனவள். மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். குழந்தை குப்புறக் கவிழ்ந்தது, அதைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். தவழ்ந்தது. பல் முளைத்தது. பெண் வேலைக்குத் திரும்பினாள். ஒவ்வொன்றுக்கும் அவள் தேவைப்பட்டாள். இப்போது அந்தக் குழந்தை ஓடுகிறது. இதில் யார் மேலும் குற்றம் கிடையாது. குழந்தை வளர்வதை யாராலும் நிறுத்தி வைக்க முடியாது.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டில் நான் தனியாக இருந்தேன். தனியாக என்றால், குக்கரோடு. அவள் இருந்தபோது, எந்த அறையில் என்ன செய்துகொண்டிருந்தாலும் விசிலை எண்ணிவிடுவாள். பாட்டு கேட்டுக்கொண்டே, யாரோடோ பேசிக்கொண்டே, "மூணாச்சு, அணைச்சுடுங்கோ" என்பாள். நான் உட்கார்ந்து கவனித்து எண்ணினால்கூட இரண்டாவதா மூன்றாவதா என்று சந்தேகம் வந்துவிடும். ஒன்று அரிசியாகச் சாப்பிடுவேன், இல்லாவிட்டால் கஞ்சியாகக் குடிப்பேன். சாதம் என்ற ஒன்றை நான் பார்த்தே வெகுநாள் ஆகியிருந்தது.

அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று உண்டு. நான் ஜோக் அடிக்கிற ஆள். நல்ல ஜோக்கா என்பது வேறு விஷயம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என் ஜோக்குக்குச் சிரித்ததில்லை. ஒவ்வொன்றும் முடிந்ததும் வேலையிலிருந்து தலை தூக்காமல், "ஆச்சா?" என்று மட்டும் கேட்பாள். அதுதான் எனக்குக் கிடைத்த கைதட்டல். இப்போது வீட்டில் நான் எதையாவது சொல்லிவிட்டு நிற்பேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். அது முடிந்ததா இல்லையா என்று யாரும் கேட்க மாட்டார்கள். முடியாத ஜோக்குகள் வீடு முழுக்கக் கிடந்தன.

வெள்ளிக்கிழமை மாலையில் வடக்கு மாட வீதிப் பூக்காரி எனக்காக இரண்டு முழம் அளந்து வைத்திருப்பாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால், எப்போது வருவார்கள் என்று கேட்பாள். வாங்கிக்கொண்டு வந்து பிரிட்ஜில் வைப்பேன். அடுத்த வெள்ளிக்கிழமை பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பேன். சென்னையிலேயே தினமும் மல்லிகை மணக்கும் தயிர் சாப்பிட்டவன் நான் ஒருவன்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். அவளையும் கூட வரச் சொல்கிறார்கள். குறைந்தது இரண்டு வருடம். விசாவுக்கு எழுதிப் போட ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் சரி என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். என்னையும் வரச் சொன்னார்கள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அவர்களுடைய பெங்களூர் அடுக்குமாடியிலேயே நான் இரண்டு வாரம், யாரும் வாங்கிக்கொள்ள வராத கூரியர் மாதிரி சோபாவில் கிடந்தவன். கடல் தாண்டிப் போய் வேறு அதைச் செய்ய வேண்டுமா?

"நீ என்ன சொன்னே?" என்று போனில் கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலை. நீங்கதான் கூப்பிடவே இல்லையே."

"கூப்பிடலையா? தினம் ரெண்டு வேளை கூப்பிட்டிண்டிருக்கேன்! நேத்திக்கு மூணு தடவை. உன் போன்லயே இருக்கும், எடுத்துப் பாரு."

"ம்" என்றாள்.

அந்த "ம்" சரியாகக் கேட்கவில்லை, சிக்னல் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் ஐந்து தடவை கூப்பிட்டேன்.

வேன் யோசனை அப்போதுதான் வந்தது. அவளுக்கு வெளியூர் என்றால் இரண்டு பயம். ஒன்று, அடுத்தவர் சமையலறை. இரண்டு, அடுத்தவர் குளியலறை. அதனால் எங்கள் குடும்பத்தின் சுற்றுலா எல்லாம் காலையில் வீட்டில் குளித்துவிட்டுக் கிளம்பி, இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்து குளிக்கக்கூடிய தூரத்துக்குள் அடங்கியது. காஞ்சிபுரம். மகாபலிபுரம். அதோடு இந்தியா முடிந்துவிடும். ஒரு தடவை மகாபலிபுரத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். கிழக்குக் கடற்கரைச் சாலை தெற்கே நீண்டுகொண்டே போவதைப் பார்த்து அவள் கேட்டாள்: "இந்த ரோடு இன்னும் எங்க போறது?"

"பாண்டிச்சேரி."

"அதுக்கப்புறம்?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நாழியாச்சு" என்றேன். அதுதான் அவள் கடைசியாகக் கேட்ட பூகோளக் கேள்வி. அந்த "அதுக்கப்புறம்" எங்கள் வீட்டில் ரொம்ப நாள் சும்மா உட்கார்ந்திருந்தது.

அடையாறில் ஒரு இளம் தம்பதி, ஊர் சுற்றுவதற்காகவே உள்ளே அறை மாதிரி செய்து வைத்திருந்த வேனை விற்கிறார்கள் என்று தெரிந்தது. அவர்களுக்கு இரட்டைக் குழந்தை பிறந்து, சுற்றுவதற்கு வீட்டுக்குள்ளேயே நிறைய வேலை வந்துவிட்டது. வேனைப் போய்ப் பார்த்தேன். சொந்த அடுப்பு, சொந்தக் கழிவறை, கையைக் கழுவ ஒரு சின்னத் தொட்டி. வேறு ஒருவரும் உள்ளே வர மாட்டார்கள். வாங்கிவிட்டேன். தி. நகருக்குப் போய், கூட்டத்தில் இடிபட்டு, அவளுக்குப் பிடித்த அரக்கு நிறத்தில் ஜன்னல் திரைக்குத் துணி எடுத்தேன். அதற்கு முன் என் வாழ்க்கையில் நான் தனியாக எடுத்த துணி கைக்குட்டைதான்.

வேன் எங்கள் சந்துக்குள் வந்து நின்றதும் தெரு அதைத் தன் தேவைப்படி புரிந்துகொண்டது. ஒருவர் ரத்த தான முகாமா என்று கேட்டுச் சட்டைக் கையை மடித்தார். இன்னொருவர் இட்லி எப்போது ரெடியாகும் என்றார். எதிர் வீட்டு மாமி குடத்தோடு வந்து நின்றாள். அவள் பின்னால் இரண்டு குடம் சேர்ந்து வரிசையே ஆகிவிட்டது.

"வெள்ளிக்கிழமை கார்த்தால கிளம்பி வரேன்" என்று அவளிடம் சொன்னேன்.

"எதுக்கு?"

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன சொல்லியிருப்பான் என்று உங்களுக்குத் தெரியும். நான், "வேனைக் காட்டறதுக்கு" என்றேன்.

"பூஜை போட்டேளா?" என்றாள்.

போடவில்லை. பழைய வண்டிதானே என்று விட்டிருந்தேன். புதிதாக வாங்கின வண்டிக்குத் தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்காமல் அவள் அதில் காலை வைக்க மாட்டாள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் தெருமுனைப் பிள்ளையார் கோயில் குருக்களிடம் ஓடினேன். அவர் என் மாணவர் வயதுக்காரர்.

"மாமா, இந்தச் சந்துல இது வடக்கு பார்த்துத்தான் நிக்கும். கிழக்கு பார்த்து நிக்கணும். பட்டினப்பாக்கம் பீச்சாண்ட கொண்டு போயிடுங்கோ. நான் ஸ்கூட்டர்ல வந்துடறேன்" என்றார்.

கடலோரச் சாலை வடக்குத் தெற்காக ஓடுகிறது. வேனோ நீளம். அதைக் கிழக்கே திருப்பினால் மூக்கு மணலுக்குள் போயாக வேண்டும். முன்சக்கரங்களை மணலில் இறக்கினேன். குருக்கள் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் போங்கோ. பின்பக்கம் ரோட்டுல குறுக்க நிக்கறது, பஸ்காரன் திட்டுவான்."

பின்சக்கரங்களும் தார் ஓரத்தைவிட்டு இறங்கின. மந்திரம் சொல்லி, கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார். மெதுவாக முன்னால் நகர்த்தினேன். பச்சக், பச்சக், பச்சக். நாலாவது சத்தம் வரவில்லை.

குருக்கள் குனிந்து பார்த்தார். "மாமா, பின்னாடி வலது பக்கம் நசுங்கலை. மண்ணுக்குள்ள அமுங்கிடுத்து."

"மூணு நசுங்கிடுத்தே, போறாதா?"

"மூணு சக்கரத்துலயா பெங்களூர் போகப் போறேள்?"

நியாயம்தான். பின்னால் எடுத்தேன். முன்னால் விட்டேன். பழம் இன்னும் கொஞ்சம் கீழே போயிற்று. மறுபடி பின்னால், மறுபடி முன்னால். பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்சக்கரம் மட்டும் நின்ற இடத்திலேயே சுற்றி, தனக்குத் தானே ஒரு குழி தோண்டி, அதில் சௌகரியமாக இறங்கிக்கொண்டது. கடைசியில் வேனின் படிக்கட்டு மணலைத் தொட்டது. பின்பக்கம் வாத்து உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. எலுமிச்சம்பழம் உள்ளே எங்கேயோ முழுசாக, க்ஷேமமாக இருந்தது.

"நேக்கு மந்தைவெளில ஒரு கிரஹப்பிரவேசம் இருக்கு மாமா" என்று குருக்கள் ஸ்கூட்டரை உதைத்தார். "கவலையே படாதீங்கோ. வண்டி அமோகமா ஓடும்."

அவர் திரும்பிப் போகும்போது போன் அடித்தது. அவள்தான்.

"கிளம்பியாச்சா?"

"கிளம்பியாச்சு." கிளம்பினது உண்மைதானே.

"என்ன அது, ஹோன்னு சத்தம்?"

"லாரி. பெரிய லாரி" என்று சொல்லிவிட்டு, வங்காள விரிகுடாவுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

போனை வைத்ததும் பக்கத்தில் சிரிப்புச் சத்தம். சாலையோரத்தில் பலகை போட்டு மீனை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, நாற்பது வயதிருக்கும், என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"இன்னா மாமா, கடல்ல உடப் போறியா? போட்டுக்கு நம்பர் வாங்கினியா?"

"பூஜை போட வந்தேம்மா."

"நாங்களுந்தான் போட்டுக்குப் பூஜ போடறோம். அப்பால தண்ணியில உடுவோம். நீ இன்னாத்துக்கு மண்ணுல உட்ட?"

அவள் குரலுக்கு ஆட்கள் வந்தார்கள். அந்தப் பக்கம் சவாரி இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் ஒருவர் தம்ளரைக் கையில் பிடித்தபடியே வந்து, பொறுப்பை ஏற்றுக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை, அவராக ஏற்றுக்கொண்டார். ஆட்டோவின் பின்னால் கயிறு கட்டி வேனை இழுத்தார். வேன் அசையவில்லை. ஆட்டோதான் முன்சக்கரத்தைத் தூக்கி, கேள்வி கேட்கக் கை தூக்கின பையன் மாதிரி நின்றது.

"உன் ஆட்டோவ அவுரு வண்டி இஸ்துக்கினு போயிடப் போதுடா" என்று யாரோ கத்தினார்கள்.

தள்ளினார்கள். நான் ஆக்சிலேட்டரை மிதித்ததில் தள்ளினவர்கள் மேல் மணல் அபிஷேகம் ஆயிற்று. ஆளுக்கொரு யோசனை. முதல் கியரில் போடு, இரண்டாவதில் போடு, எதிலும் போடாதே. நான் மெதுவாக என் யோசனையைச் சொன்னேன். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் அது தட்டையாகும், பரப்பு கூடும், அழுத்தம் குறையும், புதையாது. ஒரு குச்சியை எடுத்து மணலில் சூத்திரமே எழுதிவிட்டேன்.

"கீற காத்தையும் எறக்கினா வண்டி நல்லாக் குந்திக்கும் சார்" என்றார் ஆட்டோக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு நாய் வந்து சூத்திரத்தின் மேல் படுத்துக்கொண்டது. வகுப்பில் எனக்கு இதைவிட மோசமாகவும் நடந்திருக்கிறது.

"மொதல்ல உள்ள கீற ஜாமானை எறக்குங்கப்பா" என்றாள் மீன்கார அம்மா. "ஒரு குடும்பத்தையே உள்ள வச்சிக்கினு நவுரு நவுருன்னா அது எப்டி நவுரும்?"

இறக்கினார்கள். கையிலிருந்து கைக்கு மாறி ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மெத்தை. தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்த பாத்திரங்கள். காப்பி பில்டர். அவள் முழங்கால் வலிக்கென்று வாங்கின சின்ன முக்காலி. படுத்தால் குளிர்ச்சியாக இருக்கும் என்று தேடி வாங்கின கோரைப் பாய். கம்பியிலிருந்து கழற்றின அரக்குத் திரை. எல்லாம் வெயிலில், மணலில், கடலைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. வேனுக்குள் அடுக்கியபோது எனக்குத் தெரியவில்லை. வெளியே பரப்பினபோதுதான் தெரிந்தது, அதில் எனக்கென்று ஒரு பொருளும் இல்லை. ஷேவிங் செட்டைக்கூட மறந்திருந்தேன்.

"இன்னா மாமா, இங்கியே குடித்தனம் வரியா?" என்றாள் அவள். பிறகு முக்காலியைத் திருப்பிப் பார்த்து, "வூட்டுக்காரம்மா எங்க?" என்றாள்.

"பெங்களூர்ல. அங்கதான் போயிண்டிருக்கேன்."

"இட்டாறதுக்கா?"

"வேனைக் காட்டறதுக்கு" என்றேன் மறுபடி. போனில் சொன்னபோது கொஞ்சம் சாமர்த்தியமாகத் தோன்றிய பதில் இது. மணலில் முக்காலிக்குப் பக்கத்தில் நின்று சொன்னபோது அவ்வளவு நன்றாக இல்லை. அவள் போய் மீனுக்குத் தண்ணீர் தெளித்தாள்.

சக்கரத்துக்குப் பின்னால் கையால் மணலை வாரினார்கள். சாக்கு போட்டார்கள். போதவில்லை. எல்லார் கண்ணும் கோரைப் பாய் பக்கம் போயிற்று. நானே எடுத்து இரண்டாக மடித்து வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். இப்போது பின்னால் எடுக்க வேண்டும். ஆட்டோக்காரர் சாலையில் போய் நின்றுகொண்டு கையை ஆட்டினார்.

இன்ஜினைப் போட்டேன். அதே நேரம் போன் அடித்தது. அடையாறு இளைஞன் வண்டியில் நாலு மூலையிலும் ஸ்பீக்கர் வைத்திருந்தான். போனை அதோடு இணைத்து வைத்த நான், எப்படிப் பிரிப்பது என்பதைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் குரல் பட்டினப்பாக்கம் முழுக்கக் கேட்டது.

"ஏன்னா, வேலூர் தாண்டியாச்சா?"

"அது... வேலூர்..."

"வா வா வா வா!" என்று பின்னாலிருந்து ஆட்டோக்காரர் கர்ஜித்தார். "தைரியமா வா! நான் கீறேன், வா! அப்டியே வா!"

தள்ளுகிறவர்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். "வா... வா... வா வா வா..."

"யாரைக் கூப்பிடறா?" என்று ஸ்பீக்கர் கேட்டது.

"வண்டியை."

சக்கரம் பாயின் மேல் சுற்றிக் கிழிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அவள் குரல்.

"வண்டிக்கு யோகம்."

என் கால் கிளட்சிலிருந்து நழுவிவிட்டது. வேன் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோயிற்று.

சிக்னல் கோளாறு எதுவும் இல்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. நீங்கள் கூப்பிடவே இல்லையே என்று அவள் சொன்னது போனை அல்ல. நான் போன் பில்லைக் காட்டி வாதாடியிருக்கிறேன். "வா" என்ற அந்த ஒற்றை எழுத்து வார்த்தையை நான் அவளிடம் என்றைக்காவது சொல்லியிருக்கிறேனா என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். காப்பி கொண்டு வா, குடை எடுத்துண்டு வா என்பதெல்லாம் கணக்கில் சேராது. கல்யாணமாகி அவள் எங்கள் வீட்டு வாசலில் நின்றபோதுகூட, ஆரத்தி எடுத்தவர்கள்தான் வாம்மா என்றார்கள். வலது காலை எடுத்து வைத்து அவள் வந்தாள். நான் பக்கத்தில் குனிந்து என் செருப்பு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். பிறந்த வீட்டுக்குப் போனால், வருவாள். மருத்துவமனைக்குப் போனால், வருவாள். வருகிறவளை எதற்குக் கூப்பிட வேண்டும்? இந்த ஒன்றரை வருடமும் காப்பி குடிக்கும்போது, பூ வாங்கும்போது, குக்கர் முன்னால் நிற்கும்போது, வா வா வா என்றுதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் ஜோக் வந்தது.

"என்ன, பேச்சைக் காணும்?" என்றாள்.

என்னை முந்திக்கொண்டு மீன்கார அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "யம்மா! மாமா வேலூர்லயும் இல்ல, ஆலூர்லயும் இல்ல. பட்டினப்பாக்கத்துல மண்ணுல மாட்டிக்கினு கீறாரு!"

"ஐயையோ. நீங்க யாரு?"

"மீன் விக்கறவம்மா. நீ பயப்படாத, ஆளுக்கு ஒண்ணும் ஆவல. ஜாமானத்தான் எறக்கிப் போட்டுக்கீறோம். மெத்த, பாத்திரம், குட்டியா ஒரு முக்காலி, அரக்கு கலர்ல கர்ட்டன்..."

"அரக்கா?"

"அரக்குதான். சோக்கா கீது."

ஸ்பீக்கரில் குரல் கொஞ்சம் இறங்கிற்று. "அவர் எடுத்ததா?" என்றாள்.

"என்னியக் கேட்டா? தோ, பேய் முழி முழிச்சிக்கினு குந்திக்கீறாரு, அவரக் கேளு."

அவள் என்னைக் கேட்கவில்லை. "டயர்ல காத்தை எறக்கினாளா?" என்றாள். "மணல்ல மாட்டிண்டா காத்தை எறக்கணும். பரப்பு, அழுத்தம்னு இவர் ஆத்துல டியூஷன் எடுக்கறச்சே உள்ளேர்ந்து கேட்டுக் கேட்டு நேக்கு மனப்பாடம்."

கூட்டம் என்னைப் பார்த்தது. அடுத்த நிமிடம் ஆட்டோக்காரர் டயர் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். "அம்மா சொல்றாங்கப்பா! காத்த எறக்கு, காத்த எறக்கு!" நான் சூத்திரம் போட்டு விளக்கினதற்குச் சிரித்தவர்கள், ஸ்பீக்கர் சொன்னதும் ஓடி ஓடி வேலை பார்த்தார்கள். நாலு டயரும் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டன.

"இப்ப மெதுவா. ரொம்ப மிதிக்காதீங்கோ" என்றாள். முப்பது வருடமாக என் பாடத்தை உள்ளறையிலிருந்து ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவளை மாணவர்கள் வரிசையில் சேர்த்துக்கொண்டதே இல்லை.

மெதுவாகக் கிளட்சை விட்டேன். சக்கரம் இந்தத் தடவை தோண்டவில்லை. மணலைத் தட்டையாகப் பிடித்துக்கொண்டு ஒரு அங்குலம் ஏறிற்று. "வா வா வா" என்று மறுபடி ஆரம்பித்தார்கள். தோளும் கையும் முதுகும் கொடுத்துத் தள்ளினார்கள். மீன்கார அம்மாவும் ஒரு கை வைத்தாள். "ஒடிச்சு வா! வரட்டும், வரட்டும், வா வா வா..." பாயின் நார்களைத் துப்பிக்கொண்டு வேன் குழியிலிருந்து எழுந்து, ஒரு உலுக்கலோடு தார்ச்சாலையில் ஏறிற்று.

"ஓல்டான்! நிறுத்து!" என்று ஆட்டோக்காரர் வேனின் முதுகில் அடித்தார். விசில் பறந்தது. நாலு ஸ்பீக்கரிலும் அவள் மூச்சு விட்டது கேட்டது.

காற்றை இறக்கத் தெரிந்தவனுக்கு, திரும்ப அடிக்கப் பம்பு வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. பெட்ரோல் பங்க் வரைக்கும் நொண்டிக்கொண்டுதான் போக வேண்டும். சாமான்களைத் திரும்ப ஏற்றினார்கள். பாத்திரத்தில் மணல், பில்டரில் மணல், மெத்தையின் தையலுக்குள் மணல். திரையை மீன்கார அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டுதான் மடித்துக் கொடுத்தாள். ஒவ்வொருவராக அவரவர் வேலைக்குப் போனார்கள். ஆட்டோக்காரருக்கு அடுத்த சவாரி வந்துவிட்டது.

நான் எப்படியோ போனை ஸ்பீக்கரிலிருந்து பிரித்தேன். காதில் வைத்தேன். அவள் லைனை வெட்டவில்லை.

"இருக்கியா?"

"இருக்கேன்."

எதிரே கடல் சும்மா இருந்தது. ஒரு படகுக்காரர் வலையை உதறிக்கொண்டிருந்தார். எனக்கு ஜோக் ஒன்று தயாராக நாக்கு நுனியில் வந்து நின்றது. நல்ல ஜோக்தான். விழுங்கினேன்.

"நான் வேனைக் காட்டறதுக்கு வரலை" என்றேன்.

"ம்."

அங்கே குழந்தை எதற்கோ சிணுங்கிற்று. பெண் ஏதோ கேட்டாள். கதவு சாத்துகிற சத்தம் வந்தது, சத்தமெல்லாம் அடங்கிற்று. பால்கனிக்கு வந்திருக்க வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை நீ என்ன சொல்லப் போறேன்னு நேக்குத் தெரியாது. அவாளுக்கும் நீ வேணும்தான். ஆனா..." வாயில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்துக்கொண்டேன். "நேக்கு ஆத்துல இருக்க முடியலை. நீ வா."

சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று சந்தேகமாகிவிட்டது. இவ்வளவு காலம் கழித்துச் சொல்லியும் சிக்னல் விழுங்கிவிட்டிருந்தால்? இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கவே சொன்னேன். மீன்கார அம்மா திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

"வா. கேட்டுதா? உன்னைத்தான் கூப்பிடறேன். வா."

பெங்களூரில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"மணலை நன்னா ஒதறிட்டு வாங்கோ" என்றாள்.